ஒரு நீளம், ரெண்டு குட்டை: புது கிராபிக்ஸ் கார்டும் கருப்புத் திரையும்

இன்னைக்கு எபிசோட் ஒரு கருப்புத் திரையைப் பற்றியது.

காசு சேர்த்து ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குறீங்க. கேபினெட்டைத் திறந்து, பழசைக் கழட்டி, புதுசை மாட்டி, பவர் பட்டனை அமுக்குறீங்க. ஃபேன் சுத்துது. கார்டுல லைட் எரியுது. மானிட்டர்ல மட்டும் 'நோ சிக்னல்'. நம்ம ஊர்ல இதுக்கு உடனே ரெண்டு தீர்ப்பு ரெடியா இருக்கும். ஒண்ணு, "போர்டு போயிருச்சு." இன்னொண்ணு, "கார்டு டூப்ளிகேட்." எந்தத் தீர்ப்பா இருந்தாலும் அபராதம் கட்டப்போறது நீங்கதான்.

நான் படிச்சதெல்லாம் திண்டுக்கல். அங்க இந்தத் தீர்ப்பைக் கேட்டு நல்ல போர்டைத் தூக்கிப் போட்டவங்களை நேர்ல பார்த்திருக்கேன். அதனால இந்தப் பிரச்சினையோட வரலாற்றைத் தோண்டிப் பார்த்தேன். கிடைத்த விஷயம் சுவாரசியமானது: புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்திரிக்காமல் போவது 1984லேயே இருந்தது. அன்றைக்கு இருந்த காரணமும் இன்றைக்கு இருக்கிற காரணமும் பெரும்பாலும் ஒண்ணுதான். எதுவும் செத்துப்போகலை. வேற வேற வருஷத்துல பிறந்த ரெண்டு பொருளுக்கு ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குப் புரியலை, அவ்வளவுதான்.

முதல்ல 1981க்குப் போவோம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன்னுடைய பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. மாடல் எண் 5150. உள்ளே இன்டெல் 8088 சிப், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்கு நாம் சாதாரணமாகக் கண்டுகொள்ளாத ஒரு விஷயம் அதில் உண்டு: அந்த மதர்போர்டில் மானிட்டர் மாட்ட இடமே கிடையாது. கீபோர்டுக்கு ஒரு ஓட்டை, கேசட் ரெக்கார்டருக்கு ஒரு ஓட்டை. (ஆமாம், பாட்டு கேசட்தான். புரோகிராமை அதில் சேமிக்கலாம்.) படம் வேண்டும் என்றால் தனியாக ஒரு கார்டு வாங்கி, இருக்கிற 5 ஸ்லாட்டில் ஒன்றில் செருக வேண்டும். எழுத்து மட்டும் போதும் என்றால் எம்டிஏ கார்டு. கலர் வேண்டும் என்றால் சிஜிஏ கார்டு.

சரி, எந்தக் கார்டு செருகியிருக்கிறது என்று மதர்போர்டுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். போர்டில் குட்டிக் குட்டி ஸ்விட்ச்கள் வரிசையாக இருக்கும். அதில் 5ஆவது, 6ஆவது ஸ்விட்ச்களை மேலே கீழே தள்ளி, "இது எம்டிஏ", "இது சிஜிஏ" என்று சொல்லணும். தப்பாகத் தள்ளினால் திரை ஒழுங்காக வராது. கார்டு மாற்றினால் பேனா முனையால் ஸ்விட்ச் தள்ளுவது அன்றைய ஐடி வேலைகளில் ஒன்று.

இப்போ ஒரு சிக்கல். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். மெமரி சரியில்லை என்றால் திரையில் எழுதிச் சொல்லலாம். திரைக்கான கார்டே சரியில்லை என்றால் எங்கே எழுதுவது? இன்ஜினியர்கள் ஸ்பீக்கரைப் பயன்படுத்தினார்கள். எல்லாம் சரி என்றால் ஒரு குட்டி 'பீப்'. டிஸ்பிளே கார்டில் பிரச்சினை என்றால் ஒரு நீள பீப், பின்னாலேயே ரெண்டு குட்டை பீப். இந்த 'ஒரு நீளம், ரெண்டு குட்டை' ஐபிஎம்மோடு நிற்கவில்லை. பிறகு வந்த அவார்டு பயாஸும் அதே பாஷையைப் பேசியது. ஏஎம்ஐ பயாஸ் மட்டும் தன் வழியில் போய், டிஸ்பிளே மெமரி கோளாறுக்கு 8 பீப் வைத்தது.

திண்டுக்கல்காரங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. எங்க ஊர்ல மணிப்பூட்டுன்னு ஒரு ரகம் இருக்கு. சாவியைத் திருப்பத் திருப்ப உள்ளே மணி அடிக்கும். கதவைப் பார்க்காமலே, அடுத்த அறையில இருந்துகிட்டே, யாரோ பூட்டுல கை வைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்துல நடக்கிறதைக் காதுக்குச் சொல்றது. பீப்பும் அதே யோசனைதான்.

இனி 1984. நம்ம கதையின் முக்கியமான வருஷம்.

அந்த ஆண்டு ஐபிஎம் ஈஜிஏ என்ற புதிய கார்டைக் கொண்டுவந்தது. 640க்கு 350 புள்ளிகள், ஒரே நேரத்தில் 16 நிறம். சிஜிஏவின் நாலு நிறத்தைப் பார்த்துக் கண் நொந்துபோனவர்களுக்கு அது பெரிய விருந்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐபிஎம் பிசி வாங்கியவர், ஆசையோடு இதை வாங்கிச் செருகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆன் பண்ணுகிறார். திரை வரவில்லை.

காரணம் இதுதான். மதர்போர்டில் இருந்த பயாஸ் சிப் மொத்தமே 8 கேபி. அதில் எம்டிஏ, சிஜிஏ ரெண்டையும் இயக்கத் தெரிந்த கோடு மட்டுமே இருந்தது. 1981ல் எழுதியவருக்கு 1984ல் என்ன கார்டு வரும் என்று எப்படித் தெரியும்? அதனால் ஈஜிஏ கார்டு தன்னை இயக்கும் கோடைத் தானே ஒரு சிப்பில் கொண்டுவந்தது. 16 கேபி. மதர்போர்டைவிட கார்டு ரெண்டு மடங்கு விவரமானது! ஆனால் அந்த கோடைத் தேடிக் கண்டுபிடித்து ஓடவிட வேண்டியது மதர்போர்டின் பயாஸ். 1981 ஏப்ரல், 1981 அக்டோபர் தேதியிட்ட பயாஸ் இருந்த பழைய பிசிகளுக்கு அப்படித் தேடும் பழக்கமே இல்லை. 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸுக்குத்தான் அது தெரியும்.

கார்டு நல்ல கார்டு. போர்டு நல்ல போர்டு. தேதி மட்டும் ஒத்துப்போகலை. ஐபிஎம் இதற்குத் தீர்வாக பயாஸ் சிப்பையே மாற்றிக்கொள்ளும் கிட் விற்றது. பழைய சிப்பைப் பிடுங்கி, புது சிப்பை அழுத்தினால் ஈஜிஏ உயிர்பெறும்.

தேடுறதுன்னா எப்படித் தேடும்னு கொஞ்சம் உள்ளே போவோம், ஏன்னா இது இன்னைக்கு வரைக்கும் இருக்கு. பயாஸ் மெமரியின் ஒரு குறிப்பிட்ட பகுதியை 2 கேபிக்கு ஒரு இடமாக எட்டு வைத்துப் பார்த்துக்கொண்டே போகும். அங்கே முதல் ரெண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால், "ஓ, இங்க ஒரு கார்டோட கோடு இருக்கு" என்று அர்த்தம். மூன்றாவது பைட், அந்தக் கோடு எவ்வளவு நீளம் என்று சொல்லும். அந்த நீளம் முழுவதையும் கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகையின் கடைசி பைட் பூஜ்யமாக வரவேண்டும். வந்தால் நாலாவது பைட்டுக்குத் தாவி, கன்ட்ரோலை கார்டு கையில் கொடுத்துவிடும்.

திண்டுக்கல் நாகல்நகர் பக்கமோ யாகப்பன்பட்டி பக்கமோ பூட்டுப் பட்டறையில லீவர் பூட்டு செய்யறதைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். உள்ளே அடுக்கடுக்கா லீவர் தகடுகள். சாவியோட ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கணும். ஒரு தகடு ஒரு நூல் அளவு கம்மியா தூக்கினாலும் சரி, கூடுதலா தூக்கினாலும் சரி, தாழ் நகராது. சாவி உடையலை, பூட்டு கெடலை. ரெண்டும் ஒத்துப்போகலை. அந்தப் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. அது தனி எபிசோடுக்கு உரிய கதை.

இந்தியாவில் அதே 1984 நவம்பரில்தான் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து, இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. அடுத்த வருஷம் செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. நம்ம ஊர் காலேஜ் லேபுக்கும் பிரவுசிங் சென்டருக்கும் பிசி சாதாரணமாக வந்து சேர்ந்தபோது, கார்டு தன் கோடைத் தானே கொண்டுவருவது என்ற ஒப்பந்தம் எல்லாப் போர்டிலும் பழகிப்போயிருந்தது. அதனால் அப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே நமக்குத் தெரியாமல் போனது. அது உடையும்போதுதான் கருப்பாகத் தெரியுது.

1987ல் விஜிஏ வந்தது. இதை வேகமாகக் கடந்துவிடலாம்: அதற்குப் பிறகு வந்த கார்டுகள் ஏறக்குறைய எல்லாமே, எவ்வளவு புதுசாக இருந்தாலும், ஆன் ஆகும்போது முதலில் ஒரு பழைய விஜிஏ கார்டு மாதிரி நடித்தன. சுமார் 25 வருஷம் அந்த நடிப்பு உலகத்தை ஓட்டியது.

ஒப்பந்தம் சரியாக இருந்தாலும் கரன்ட் சரியில்லாமல் போகலாம் என்பதை அடுத்து வந்த காலம் காட்டியது. 1997 வாக்கில் கிராபிக்ஸுக்கென்றே ஏஜிபி ஸ்லாட் வந்தது. ஆரம்பகால ஏஜிபி கார்டுகளுக்கு 3.3 வோல்ட். பிறகு வந்தவற்றுக்கு 1.5 வோல்ட். பென்டியம் 4 காலத்து இன்டெல் 845 போர்டுகள் 1.5 வோல்ட் மட்டுமே தாங்கும். ஸ்லாட்டில் ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள், தப்பான கார்டு உள்ளே போகாதபடி. ஆனால் சில பழைய கார்டுகளில் வெட்டு சரியாக இல்லை. அவை உள்ளே போய்விடும். போனால் போர்டுக்கே சேதம். ஆக, "போர்டு போயிருச்சு" என்ற தீர்ப்பு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. நம்ம சர்வீஸ் கடைகள் அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட பயம் இன்னும் போகவில்லை என்பது என் கணிப்பு.

அதே கடைகள் கற்றுக்கொடுத்த ஒரு நல்ல விஷயமும் இருக்கு: பென்சில் ரப்பர். கார்டு, ரேம் ரெண்டையும் கழட்டி, தங்க நிறக் காலை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசு தட்டி, திரும்பச் செருகுவது. சிரிக்காதீங்க. நூல் மில் பஞ்சும் சமவெளித் தூசியும் உள்ள ஊர்ல இது மந்திரம் இல்லை, நிஜமான வைத்தியம். கார்டைச் செருகும்போது ரேம் லேசாக அசைந்து, பழி கார்டு மேல் விழுவதும் அடிக்கடி நடக்கும்.

கரன்டுக்கு வருவோம். 1981ன் ஐபிஎம் பிசியில் மொத்த மெஷினுக்கும் பவர் சப்ளை 63.5 வாட். அந்த மொத்தத்தையும் தாண்டி, இன்றைக்கு ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மட்டும் கார்டுக்கு 75 வாட் வரை கொடுக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி கேபிள்: 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150. 2000ல் வந்த வூடூ 5 5500 கார்டில், ஹார்டு டிஸ்குக்கு மாட்டுகிற மோலக்ஸ் கேபிளைச் செருக வேண்டியிருந்தபோது பலருக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது அது சட்டம். அந்தக் கேபிளை மாட்ட மறந்தால் சில கார்டுகள் சிவப்பு லைட் காட்டும். சில என்விடியா கார்டுகள், "ஆஃப் பண்ணிட்டு பவர் கேபிளை மாட்டு" என்று திரையிலேயே எழுதிக் காட்டும்.

பெரிய கம்பெனிகளும் இந்தக் கணக்கில் தடுமாறியிருக்கின்றன. 2016 ஜூனில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 480, ஸ்லாட்டிலிருந்து விதிமுறையைத் தாண்டிக் கரன்ட் இழுப்பதைச் சோதனையாளர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த மாதமே டிரைவர் அப்டேட் விட்டுச் சரிசெய்தார்கள். 2022ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் புதுவகை 16 பின் கனெக்டர் சிலருக்கு உருகியே போனது. முழுசாக உள்ளே அழுத்தாமல் விட்டது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு வந்த திருத்திய வடிவத்தில், சரியாகச் செருகாவிட்டால் கார்டு முழுக் கரன்ட் இழுக்காதபடி உள்ளே உள்ள குட்டிப் பின்களின் நீளத்தைக் குறைத்தார்கள்.

நம்ம ஊர் கணக்கு வேற மாதிரி. கேபினெட்டோட இலவசமா வந்த லோக்கல் எஸ்எம்பிஎஸ் மேல '450 வாட்'னு கொட்டை எழுத்துல இருக்கும். அதை நம்பாதீங்க. ஸ்டிக்கர்ல 12 வோல்ட்னு ஒரு வரி இருக்கும், அதுல எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 16 ஆம்பியர்னா, 12 பெருக்கல் 16, மொத்தம் 192 வாட்தான். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் சாப்பிடுறது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். மிச்சமெல்லாம் விளம்பரம். சாட்டா கேபிள்ல இருந்து 6 பின்னுக்கு மாத்துற கன்வெர்ட்டரும் கடையில கிடைக்கும். ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அதில் 75 வாட் இழுக்கலாமா? வேண்டாம்.

அப்புறம் யுபிஎஸ். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று என் வயசுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் மொட்டை மாடியிலதான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை ஒரு 600 விஏ யுபிஎஸ் புகுந்தது. அது தாங்குவது வழக்கமாக 360 வாட். பெரிய கார்டு போட்டு கேம் ஆரம்பிச்ச நிமிஷம் யுபிஎஸ் 'கீ'ன்னு கத்தி எல்லாத்தையும் அணைச்சா, குற்றவாளி கார்டு இல்லை. ஆனா ஒரு வித்தியாசத்தைப் பிடிச்சுக்கோங்க: மெஷின் அணைஞ்சு போறது வேற, ஓடிக்கிட்டே கருப்பா இருக்கிறது வேற. முன்னது பெரும்பாலும் கரன்ட் விவகாரம். பின்னது பெரும்பாலும் பாஷை விவகாரம்.

இந்தப் பின்னதுக்கு நான் நேர்ல பார்த்த ஒரு கேஸ் சொல்றேன்.

என் சித்தி மகன் திண்டுக்கல்ல கல்யாண வீடியோ எடிட் பண்றான். பெரிய ஆபீஸ்கள் கழிச்சுவிட்ட பழைய பிசிகளை சர்வீஸ் பண்ணி விப்பாங்க இல்லையா, அதுல ஒண்ணு வச்சிருந்தான். ஆவணி முகூர்த்தம் நெருங்குது, கையில ஏழெட்டுக் கல்யாணம். தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார்டு வாங்கினான், தனி பவர் கேபிளே தேவைப்படாத ரகம். மாட்டினான். கருப்பு. பக்கத்துல ஒரு கடையில காட்டினதுக்கு, "போர்டு போயிருச்சு, புது செட் எடுத்துக்கோ தம்பி"ன்னு சொல்லிட்டாங்க. புது செட்டுன்னா அந்த சீசன்ல அவன் சம்பாதிக்கப்போற காசு மொத்தமும். கார்டைத் திருப்பிக் கொடுக்க ரெண்டு நாள்தான் டைம். போன் பண்ணி, "அண்ணே, வித்தவர் ஏமாத்திட்டாருண்ணே" என்றான்.

சனிக்கிழமை நான் போனேன். யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினோம். மாற்றமில்லை. கார்டே 75 வாட்டுக்குள் ஓடுகிற ரகம் என்பதால் கரன்டைச் சந்தேகப்பட்டியலிலிருந்து எடுத்தேன். மானிட்டர் கேபிள் போர்டில் இருக்கிறதா, கார்டில் இருக்கிறதா என்று பார்த்தேன், கார்டில்தான் இருந்தது. (கேக்க அசிங்கமா இருந்தாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான். தனிக் கார்டைப் பார்த்ததும் பல போர்டுகள் தன்னுடைய சொந்த டிஸ்பிளே போர்ட்டை அணைத்துவிடும்.) ரப்பர் வைத்தியமும் ஆச்சு. பிறகு கீபோர்டில் நம்லாக்கை அமுக்கினேன். விளக்கு மாறவே இல்லை. மாறியிருந்தால் மெஷின் இருட்டிலேயே உயிரோடு இருக்கிறது, திரை மட்டும்தான் பிரச்சினை என்று அர்த்தம். மாறவில்லை என்றால் பாதி வழியில் எங்கோ நின்றுவிட்டது.

கார்டைக் கழட்டினால் மெஷின் சிரித்துக்கொண்டு எழுந்தது. பயாஸ் திரைக்குள் போய்த் தேதியைப் பார்த்தேன். 2012. கார்டு அதற்கு நாலு வருஷத்துக்குப் பிறகு வந்த மாடல். 1984ன் அதே கதை என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது. அந்தப் போர்டைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் அதே மாடலுக்குப் பல வருஷம் பிந்தைய பயாஸ் அப்டேட் இலவசமாகவே கிடந்தது. கார்டைக் கழட்டிய நிலையில், இந்த முறை வேண்டுமென்றே யுபிஎஸ்ஸில் மாட்டி, அப்டேட் போட்டோம். பயாஸ் எழுதுகிற அந்த ரெண்டு நிமிஷத்தில் கரன்ட் போனால், அப்போ நிஜமாகவே போர்டு போயிரும். சித்தியை மிக்சி போடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தோம். முடிந்ததும் கார்டைச் செருகினோம். திரை வந்தது. செலவு, சித்தி போட்டுக் கொடுத்த ரெண்டு காபி.

எல்லா கேஸும் இப்படி இனிமையா முடியாது. நிஜமாகவே செத்த கார்டும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரே நேர்மையான வழி, அதே கார்டை இன்னொரு மெஷினில் போட்டுப் பார்ப்பது. பேசுவதற்கு முன்னால் அதைச் செய்கிற கடைக்காரரை விட்டுவிடாதீங்க, அவர் நல்ல மனுஷன்.

இப்போ புது மெஷின்கள் பக்கம். பயாஸ் என்கிற பழைய பாஷைக்குப் பதிலாக இன்டெல், இட்டானியம் சர்வர்களுக்காக ஈஎஃப்ஐ என்ற புது பாஷையை உருவாக்கியது. 2005ல் பல கம்பெனிகள் சேர்ந்து அதை யூஈஎஃப்ஐ என்ற பொது விதியாக்கின. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது அது வீட்டுக்கு வீடு வந்தது. இந்தப் பாஷையில், பழைய விஜிஏ நடிப்பு எடுபடாது. கார்டு ஜிஓபி என்ற புது டிரைவரைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

உடனே பழசைத் தூக்கிப் போட முடியுமா? அதனால் ரெண்டு பக்கமும் சமரசம் செய்தன. கார்டுகள் ரெண்டு பாஷையையும் சிப்பில் வைத்துக்கொண்டன. போர்டுகள் சிஎஸ்எம் என்ற மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டன. பயாஸ் செட்டிங்கில் 'லெகசி', 'சிஎஸ்எம்' என்று பார்க்கிறீர்களே, அது இவர்தான். 2021ல் விண்டோஸ் 11, செக்யூர் பூட் வசதியும் டிபிஎம் 2.0வும் கேட்டதும், யூடியூப் பார்த்து நிறையப் பேர் சிஎஸ்எம்மை அணைத்தார்கள். கார்டு ஜிஓபி இல்லாத பழைய கார்டாக இருந்தால் அத்தோடு திரை போச்சு. பலர் இதை, "செட்டிங்தானே மாத்தினேன், கார்டு எப்படிப் போச்சு?" என்று கேட்டார்கள். கார்டு போகவில்லை, மொழிபெயர்ப்பாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செக்யூர் பூட் இன்னொரு படி மேலே: 55, ஏஏ இருந்தால் மட்டும் போதாது, கார்டின் கோடு தெரிந்தவர் கையெழுத்தோடு வந்திருக்க வேண்டும். அந்த 55, ஏஏ மட்டும் இன்றைய கார்டுகளின் சிப்பிலும் முதல் ரெண்டு பைட்டாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இதிலிருந்து வெளியே வர ஒரு பழைய வழி உண்டு. 1984லேயே ஐபிஎம் ஏடி மாடலில் செட்டிங்கைப் பேட்டரி போட்ட மெமரியில் வைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அது காசு மாதிரி இருக்கிற சிஆர் 2032 பேட்டரி. பிளக்கைப் பிடுங்கி, அந்தப் பேட்டரியைக் கழட்டிச் சில நிமிஷம் வைத்துத் திரும்பப் போட்டால், பெரும்பாலான போர்டுகள் கடையிலிருந்து வந்த செட்டிங்குக்குப் போய்விடும். அதற்கு முன்னால் ஒண்ணு: விண்டோஸில் பிட்லாக்கர் ஆனில் இருந்தால், ரெகவரி கீயை எழுதி வச்சுக்கோங்க. பயாஸில் கை வைத்தால் அது கேட்க வாய்ப்பு உண்டு. திரையைத் திரும்ப வாங்கிவிட்டு, கல்யாண ஆல்பத்தை இழந்துடாதீங்க.

இதெல்லாம் பழைய மெஷின் வச்சிருக்கிறவங்க பாடுன்னு நினைக்கவேண்டாம். 2023ல் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ வந்தபோது, சில மதர்போர்டுகளில் ரீபூட் செய்தால் திரை கருப்பாவதாகப் புகார் வந்து, என்விடியா கார்டின் ஃபர்ம்வேரை மாற்றும் ஒரு டூலை வெளியிட்டது. 2025ல் ஆர்டிஎக்ஸ் 5060 வரிசைக்கும் அதே கதை, அதே மாதிரி டூல். திரையே வரவில்லை என்றால் அந்த டூலை எப்படி ஓடவிடுவது? அவர்கள் சொன்ன வழிகள்: லெகசியில் இருந்தால் யூஈஎஃப்ஐக்கு மாற்று, மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய், இல்லையென்றால் வேறு கார்டோ, பிராசஸரின் சொந்த கிராபிக்ஸோ வைத்துப் பூட் செய். ஐபிஎம் 1984ல் சிப்பைப் பிடுங்கி மாற்றச் சொன்னது. இப்போது அதை டவுன்லோடு பண்ணச் சொல்கிறார்கள். (பிராசஸர் பெயரில் கடைசியில் 'எஃப்' என்று முடிகிற இன்டெல் சிப் என்றால் சொந்த கிராபிக்ஸ் கிடையாது. அப்போ இரவல் கார்டுதான் கதி.)

பீப் சத்தத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்பீங்க. ஸ்பீக்கரைக் கேபினெட்டோடு கொடுப்பதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக இப்போது பல போர்டுகளின் ஓரத்தில் நாலு குட்டி விளக்குகள் இருக்கும்: சிபியு, டிரேம், விஜிஏ, பூட். ஆன் ஆகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். விஜிஏ விளக்கு மட்டும் அணையாமல் நின்றால், அதுதான் ஒரு நீளம், ரெண்டு குட்டை. டிரேம் விளக்கு நின்றால் கார்டைத் திட்டாமல் ரேமைக் கழட்டி மாட்டுங்க. பூட் விளக்கு நின்றால் கார்டு ஏற்கெனவே பாஸ். சிஎஸ்எம்மை அணைத்ததில் பழைய முறையில் இன்ஸ்டால் செய்த விண்டோஸை மெஷின் கண்டுபிடிக்க முடியாமல் தேடிக்கொண்டிருக்கும்.

விளக்கு இல்லாத போர்டு என்றால், 'ஸ்பீக்கர்' என்று எழுதிய நாலு பின் ஓரமாக எங்கேயாவது இருக்கும். பொத்தான் அளவு ஸ்பீக்கர் ஒண்ணு எலக்ட்ரானிக்ஸ் கடையில கேட்டா கிடைக்கும், விலை ஒரு டீ, வடைக்குள்ளதான். அதை மாட்டிட்டு ஆன் பண்ணி, எண்ணுங்க.